குட்டியானையில் போன கடல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு காட்சிதான். அதுவும் எண்ணூர் விரைவுச் சாலையில் நகராமல் நின்ற பேருந்தின் ஜன்னல் வழியாக, ஒரு சிவப்புக் கண்டெய்னருக்கும் ஒரு நீலக் கண்டெய்னருக்கும் நடுவே இருந்த சந்தில் பார்த்தது.

ஒரு டீக்கடை. லுங்கியை மடித்துக் கட்டிய மாஸ்டர் ஒருவர் வலது கையை வானத்துக்குத் தூக்கி, பளபளக்கும் ஜக்கிலிருந்து நீளமாக ஆற்றிக்கொண்டிருந்தார். இதில் என்ன அதிசயம் என்பீர்கள். அவர் ஆற்றியது டீயை அல்ல, பச்சைத் தண்ணீரை. அது விழுந்தது டம்ளரில் அல்ல, வெள்ளைப் பக்கெட்டில். சுற்றிலும் லாரி ஓட்டுநர்கள் தங்கள் முறைக்குக் காத்து நின்றார்கள். புர்காவின் கையை முழங்கைவரை மடித்துவிட்ட ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பக்கெட்டுக்குள் பார்த்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

ஏற்கெனவே ஆறிப்போன தண்ணீரை எதற்கு ஆற்றுகிறார்கள்? இறங்கிக் கேட்டிருக்கலாம். அதற்குள் கண்டெய்னர் லாரிகள் தங்கள் வாழ்நாளில் ஒரே ஒரு முறை வழிவிட்டன, அன்றைக்கென்று பார்த்து. பேருந்து கிளம்பிவிட்டது.

மீதி எல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) ‘கடல் அன்று அமைதியாக இருந்தது.’ பொய். நான் கடலைப் பார்க்கவே இல்லை, கண்டெய்னர் மறைத்தது.

(ஆ) ‘மஹீனின் வாழ்க்கையும் ஒரு கண்ணாடித் தொட்டியைப் போலத்தான், வெளியே தெளிவு, உள்ளே’ — இந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தேன்.

(இ) ‘மஹீனுக்கு அந்த மீனைப் பிடிக்காது.’

இது நின்றது. பிடிக்காது என்று எழுதிய அடுத்த நிமிடமே, அவளுக்கு அது உயிர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மனிதர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை வைத்துத்தான் இத்தனை வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

மஹீனுக்குத் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை. கணவன் யாசின் கப்பலில் ஃபிட்டர். வருடத்தில் பாதிக்கு மேல் கடலில் இருப்பான். மீதி நாள் விடுமுறையில் வந்து, தண்டையார்பேட்டை வீட்டு ஹாலில் தான் கட்டிய உப்புத்தண்ணீர் மீன் தொட்டியின் முன்னால் இருப்பான். ‘கடல்லயே கெடந்துட்டு வந்து மறுபடியும் கடலையே பாத்துனு ஒக்காந்தா, நான் எதுக்கு இங்க?’ என்று மஹீன் கேட்டதுண்டு. தொட்டியில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடிக் கோமாளி மீன்கள். அவற்றில் பெரியது பெண். அதற்கு யாசின் வைத்த பெயர் பேகம். மஹீன் வைத்த பெயர் சக்களத்தி.

யாசின் கப்பலேறியதும் சக்களத்திக்குத் தீனி போடுவது, கண்ணாடி துடைப்பது, உப்பு அளவு பார்ப்பது எல்லாம் மஹீன் தலையில். வேலை முடிந்து வந்து கைப்பையைக் கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் நிற்பாள். ‘இன்னாடி, சாப்ட்டியா? இல்ல அவுரு வந்து ஊட்டணுமா?’ சக்களத்தி கண்ணாடிக்கு ஓடி வரும். இப்படி ஏழு வருடம்.

இப்போது வீட்டுக்காரர் கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறார். எர்ணாவூரில் இரண்டாவது மாடியில் வேறு வீடு கிடைத்தது. யாசின் நடுக்கடலிலிருந்து கூப்பிட்டான்.

“மஹீனு, தொட்டிய உன்னால தனியா மாத்த முடியாது. ஒண்ணு தப்பாப் போனாலும் மொத்தமும் பூடும். கொளத்தூர் கலர்மீன் மார்க்கெட்ல குட்த்துடு.”

சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் உடைந்தது. சிக்னல்தான் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

“சரி,” என்றாள் மஹீன்.

அவள் கொடுக்கப் போவதில்லை. அதை அவனிடம் சொல்லவும் போவதில்லை. அவன் ஊர் திரும்பிப் புது வீட்டுக் கதவைத் திறக்கும்போது சக்களத்தி கண்ணாடிக்கு ஓடி வரவேண்டும். வழியில் செத்துப்போனால் அவனுக்குத் தெரியப் போவதில்லை. மார்க்கெட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொள்வான். ஆனால் அவளுக்குத் தெரியும்.

கதையில் பணயம் வைக்க வேண்டும் என்பார்கள். வைத்தாகிவிட்டது.

3

குட்டியானை என்றால் சின்ன டெம்போ என்று வட சென்னையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. (வெளியூர் வாசகர்களுக்காகச் சொன்னேன். உங்கள் ஊரிலும் அதே பெயராக இருந்தால் மன்னிக்கவும்.) அதை ஓட்டுபவர் தாவூது. பீரோ, கட்டில், பிரிட்ஜ் எல்லாம் முதல் நடையிலேயே போய்விட்டன. இரண்டாம் நடைக்கு வந்தவர், மாடிப்படி நெடுக வரிசையாக நின்ற பிளாஸ்டிக் குடங்களைப் பார்த்து இடுப்பில் கை வைத்தார்.

“இன்னாம்மா இது? தண்ணிய எதுக்கு ஏத்தச் சொல்ற?”

“கடல் தண்ணி பாய்.”

“நாம போற ரோட்டாண்ட இன்னா கீது?”

“கடலு.”

“அப்பறம்?”

“அது வேற, இது வேற.”

“ரெண்டும் உப்புதானே?”

“உங்க வூட்டு பிரியாணியும் உங்க மாமியார் வூட்டு பிரியாணியும் ஒண்ணா பாய்?”

தாவூது கொஞ்சம் யோசித்தார். “ஏத்து,” என்றார்.

தொட்டியைத் தண்ணீரோடு தூக்கினால் ஒட்டு விட்டுப்போகும். அதனால் முதலிலேயே மேல்தண்ணீரைத் தெளிவாக மொண்டு அந்தப் பன்னிரண்டு குடங்களில் நிரப்பியிருந்தாள். பிறகு பாறைகளை அதே தண்ணீரில் மூழ்கவைத்துப் பெரிய டப்பில் போட்டு மூடினாள்.

“கல்ல தொடச்சு கோணில கட்டிடலாமே?” என்று கேட்ட தாவூதை அவள் பார்த்த பார்வையில் அவர் ஒரு படி கீழே இறங்கினார். “உசுரே அந்தக் கல்லுலதான் பாய் கீது. மீனு போட்ற கலீஜையெல்லாம் துன்ற பூச்சிங்க, கண்ணுக்குத் தெரியாது. கல்லு காஞ்சா அதுங்க சாவும். அதுங்க செத்தா மீனு தன் கலீஜ்லயே சாவும்.”

அடிமணலைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும், அது விஷம். அதை விட்டுவிட்டுக் கழுவிய புது மணலைக் கட்டிக்கொண்டாள். முந்தின நாளே தீனியை நிறுத்தியிருந்தாள், வழியில் தண்ணீர் கெடாமல் இருக்க. மீன்களைக் கடைசியில்தான் பிடித்தாள். மூடி போட்ட வெள்ளைப் பக்கெட்டில் சக்களத்தியும் அதன் புருஷனும். ஒரு டப்பாவில் துறவி நண்டு.* பக்கெட்டுக்குள் குமிழி விட, பேட்டரியில் ஓடும் குட்டி மோட்டார்.

* இந்தக் கதையிலேயே டெம்போ இல்லாமல் வீடு மாறத் தெரிந்த ஒரே ஆள் இந்த நண்டுதான். முதுகில் சங்கைத் தூக்கிக்கொண்டு போய்விடும். வாடகை ஒப்பந்தமும் கிடையாது.

எல்லாம் சரி. குடங்கள் மாடிப்படியில் இருந்தன என்று சொன்னேன் அல்லவா? தண்டையார்பேட்டை மாடிப்படியில் குடங்கள் வரிசையாக நின்றால் ஒரே ஒரு பொருள்தான்: தண்ணீர் லாரி வந்துவிட்டுப் போயிருக்கிறது. இந்த வரியை நினைவில் வையுங்கள். நான் மறந்தாலும் நீங்கள் மறக்கக் கூடாது.

4

எதிர்வீட்டு ராமசெல்வியை வில்லியாகத்தான் கொண்டுவந்தேன். கதைக்கு ஒரு கெட்டவர் வேண்டுமே. ‘ராமசெல்வியின் கண்களில் பொறாமை’ என்று தொடங்கியும் விட்டேன். ஆனால் அவள் கையில் ஒரு தூக்குவாளியோடு வந்து நின்றாள்.

“மஹீனு, அங்க போனவொடனே நீ எங்க அடுப்பு மூட்டுவ? தக்காளி சோறு கட்டிகீறேன். ரெண்டு பேரும் வழியில துண்ணுங்க. நான் உப்புக்கூடப் பாக்கல, இன்னிக்கு கிருத்திகை, விரதம்.”

இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு நான் எப்படி வில்லத்தனம் செய்வது? கண்களில் இருந்த பொறாமையை அடித்துவிட்டேன். இருவரும் கட்டிக்கொண்டார்கள். “போன்ல பேசு, இன்னா? ரெண்டு பஸ்ஸு தள்ளி போயிட்டு அமெரிக்கா போன மாதிரி பண்ணாத,” என்றாள் ராமசெல்வி.

5

டோல்கேட் தாண்டியதும் நெரிசல். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டினால் அது சாலை இல்லை, குடியிருப்பு. ஓட்டுநர்கள் ஸ்டவ் பற்றவைப்பார்கள், துணி உலர்த்துவார்கள். வலது பக்கம் கருங்கல் கரைக்கு அப்பால் இத்தனை பெரிய கடல். முதுகுப் பக்கம் வண்டியில் குடத்துக்குள் ஒரு கடல். இரண்டுக்கும் நடுவே தாவூது ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

பின்னால் பக்கெட்டோடு உட்கார்ந்திருந்த மஹீனுக்குத் திடீரென்று ஏதோ குறைந்தது போல் இருந்தது. குறைந்தது சத்தம். குமிழி மோட்டார் நின்றுபோயிருந்தது. தளும்பிய உப்புத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. தட்டினாள், உதறினாள், பேட்டரியை மாற்றினாள். செத்த மோட்டார் செத்ததுதான். நல்ல வெயில். மூடியைத் திறந்தால், சக்களத்தி மேலே வந்து வாயை வாயைத் திறந்தது. புருஷன் மீன் அதன் அடியில் ஒண்டிக்கொண்டிருந்தது.

“பாய், நிறுத்துங்க!”

“நின்னுகினுதான் கீறோம்.”

அவள் பக்கெட்டை இறக்கி, எதிரே இருந்த டீக்கடை நிழலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மாஸ்டர் பெயர் அசோகன். (சரியான பெயர் எனக்குத் தெரியாது. அந்தக் கைக்கு இந்தப் பெயர் பொருந்தியது.)

“இன்னாம்மா, பக்கெட்டாண்ட ஒக்காந்து அழுவுற?”

“அழுவலண்ணா. மீனுக்குக் காத்து போவல. மோட்டாரு பூட்ச்சு.”

“தண்ணிக்குள்ளத்தான் காத்து ஏறணுமா?”

“ஆமாண்ணா.”

“அவ்ளோதானே? காலைலேர்ந்து நான் இங்க இன்னா பண்ணினு கீறேன்னு நெனச்ச?”

ஆணியில் பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு ஒரு ஜக் தொங்கியது. பொங்கலுக்கு வந்த பரிசு. சோப்புப் படாதது என்று மஹீன் மூன்று தரம் கேட்டு உறுதி செய்துகொண்டு, தொட்டித் தண்ணீராலேயே அலசிக் கொடுத்தாள். அசோகன் பக்கெட்டிலிருந்து மொண்டார். கை மேலே போனது.

அந்தத் தண்ணீர்க்கயிறு இறங்கிய அழகை எழுத நான் தகுதியானவன் இல்லை. வழியெல்லாம் காற்றைச் சுருட்டிக்கொண்டு வந்து, பக்கெட்டின் ஓரமாக நுரைத்து விழுந்தது.

“மீனு மேல ஊத்தாதீங்கண்ணா, ஓரமா, ஓரமா!”

“பால் பொங்காம பாத்துக்கறவன், மீன் பொங்காம பாத்துக்க மாட்டனா?”

“மாஸ்டரு, எனக்கு டீ?” என்றது ஒரு குரல்.

“மீனு குடிச்சிட்டு மிச்சம் வெச்சா உனக்கு.”

கொஞ்ச நேரத்தில் கை வலித்தது. கிளீனர் ஒருவர் முன்வந்தார். பிறகு ஓட்டுநர்கள். “டேய், ஸ்டியரிங் புடிக்கிற மாதிரி புடிக்காத, கைய தூக்கு!” என்று அசோகன் ஜக்கை வாங்கி ஊற்றிக் காட்டிப் பாடம் நடத்தினார். சக்களத்தி மெல்லக் கீழே இறங்கி, நடுத்தண்ணீரில் நிமிர்ந்து நின்றது. “வெக்கமா இல்ல உனக்கு? இத்தினி ஆம்பளைங்கள வேல வாங்குற!” என்று மஹீன் அதைத் திட்டினாள். அப்போது எதிரே நின்றிருந்த ஒரு பேருந்து கிளம்பியது. ஜன்னலோரம் கண்ணாடி போட்ட ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

மீன் பிழைத்த தெம்பில் பசி எடுத்தது. தாவூது தூக்குவாளியைத் திறந்தார். ஒரு வாய் வைத்தார். கண்கள் விரிந்தன. பக்கத்தில் நின்ற ஓட்டுநருக்கு ஒரு பிடி கொடுத்தார். அவர் ஓடிப்போய்த் துப்பினார்.

“இன்னா சோறுய்யா இது, காசிமேடு கருவாட்டுல உப்பு கம்மி!”

மஹீன் ஒரு பருக்கையை நாக்கில் வைத்தாள். அந்த உப்பை அவளுக்குத் தெரியும். ஏழு வருடமாக அளந்து பார்க்கிற உப்பு. போனை எடுத்தாள்.

“ராமசெல்வி, சோத்துக்கு எந்தத் தண்ணி ஊத்துன?”

“உன் கொடத்துலேர்ந்துதான் ஒண்ணு எட்த்தேன். லாரி வந்துச்சின்னு நெனச்சேன். ஏன், உன் கொடத்த நான் எட்த்துக்கக் கூடாதா? சும்மா ஒண்ணும் எட்க்கல. அப்பறமா எங்க வூட்டு நல்ல தண்ணிய ரொப்பி அதே எடத்துல வெச்சிட்டேன்!”

கைமாற்றாக வாங்கிய குடத்தைத் தளும்பத் தளும்பத் திருப்பி வைக்கும் நேர்மை. அந்த நேர்மையான குடத்தைத் தொட்டியில் ஊற்றியிருந்தால், அதிலுள்ள குளோரின் பாறையில் இருந்த கண்ணுக்குத் தெரியாத உயிர்களில் தொடங்கிச் சக்களத்திவரை வந்திருக்கும். பன்னிரண்டு குடங்களும் ஒரே மாதிரி. எது அது?

ஒரே வழிதான் இருந்தது. தாவூது சுண்டுவிரலைத் தோய்த்து ஆரம்பித்தார். “உப்பு... உப்பு... த்தூ, உப்பு...” பாதியில் நாக்கு மரத்துவிட்டது. கிளீனர் தொடர்ந்தார். ஒன்பதாவது குடத்தில் அவர் துள்ளிக் குதித்தார்.

“நல்ல தண்ணி! நல்ல தண்ணிப்பா!”

தெருவே கேட்கும்படி கைதட்டல். பக்கத்திலேயே வங்காள விரிகுடா இருக்கும் இடத்தில், ஒரு குடம் குடிதண்ணீருக்காக இவ்வளவு பேர் ஆனந்தப்பட்டதை அந்தக் கடல் பார்த்தது அதுவே முதல்முறையாக இருக்காது. அந்தத் தண்ணீரில் அசோகன் எல்லோருக்கும் டீ போட்டார்.

6

இந்த இடத்தில் ஓர் உயிர் போகவேண்டும்.

நான் சொல்லவில்லை, என் கதைகளைத் திருத்தித் தரும் நண்பர் சொல்கிறார். எல்லாரும் பிழைத்தால் அது இலக்கியம் ஆகாதாம். சரி என்று ஆட்களை எண்ணிப் பார்த்தேன். சக்களத்தியைக் கொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதன் புருஷன் பாவம். கடைசியில் யாரும் கவனிக்காத ஆளைத் தேர்ந்தெடுத்தேன்:

‘டப்பாவைத் திறந்தபோது துறவி நண்டு அசையவில்லை. வெறும் சங்கு போல அது’

மஹீன் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“யோவ். பஸ்ல ஒக்காந்துனு வேடிக்க பாத்த ஆளுதானே நீ?”

ஆமாம் என்றேன்.

“எறங்கி ஒரு ஜக்கு ஊத்துனியா?”

இல்லை என்றேன்.

“அப்ப நண்டு மேல கைய வெக்காத.”

சங்குக்குள்ளிருந்து ஒரு கால் வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. நண்பரே, மன்னிக்கவும். இது இலக்கியம் ஆகாமலே போகட்டும்.

7

எர்ணாவூர் வீட்டு வாசலில் கீழ்வீட்டு பூவம்மா வழிமறித்தார்.

“நில்லும்மா. புது வூட்டுக்கு மொதல்ல உப்புதான் போவணும். வெறுங்கையோட படி ஏறாத. கொஞ்சம் உப்பு எட்த்தாரட்டா?”

“வேணாங்க்கா,” என்றாள் மஹீன். “பதினோரு கொடம் கொண்ணாந்துகீறேன்.”

பூவம்மா ஒரு குடத்தில் விரல் விட்டு நக்கிப் பார்த்தார். புதுக் குடித்தனக்காரியை மேலும் கீழும் பார்த்தார். “இவ்ளோ தேவையில்ல. ஆனா தப்பில்ல,” என்று வழிவிட்டு, தானே ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு படி ஏறினார்.

பலகையை மட்டம் பார்த்துத் தொட்டியை வைத்தார்கள். மணல், பிறகு பாறை, பிறகு பழைய தண்ணீர். குறைந்ததற்கு, எதற்கும் இருக்கட்டும் என்று உப்புக் கரைத்துக் கேனில் கொண்டுவந்தது. யாசின் கட்டிய பெரிய மோட்டாரைப் போட்டாள். கடைசியில் வெளியே வந்தவர்கள் கடைசியில்தான் உள்ளே: பக்கெட்டுக்குள் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பழக்கி, நண்டை மணலில் இறக்கிவிட்டு, சக்களத்தியையும் புருஷனையும் கையாலேயே அள்ளி விட்டாள். இரண்டும் கலங்கலுக்குள் போய் மறைந்தன.

மணல் அடங்கத் தண்ணீர் தெளியவேண்டும். மிரண்ட மீன் அடங்க, தொட்டி விளக்கை அன்று போடவே கூடாது. ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மஹீன், தாவூது, பூவம்மா மூவரும் தரையில் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாத ஒரு கண்ணாடியை உற்றுப் பார்த்தார்கள்.

8

முடிவு (அ): மறுநாள் காலை தொட்டி காலியாக, பாறை மட்டும். மஹீன் நீண்ட நேரம் — இல்லை. என்னை வெளியே அனுப்பிவிடுவாள்.

முடிவு (ஆ): பாறையில் ஆரஞ்சு நிறத்தில் நூறு முட்டைகள், பின்னணியில் நாதஸ்வரம். எனக்கே கூச்சமாக இருக்கிறது. (ஆனால் இரண்டு தரம் எழுதிப் பார்த்தேன்.)

முடிவு (இ): போன் அடித்தது. யாசின், வீடியோ அழைப்பு.

“புது வூட்ட காட்டு மஹீனு.”

சமையலறையைக் காட்டினாள். பால்கனியைக் காட்டினாள். ஹாலுக்கு மட்டும் போனைத் திருப்பவில்லை.

“அது இன்னா சத்தம்?”

“எது?”

“டர்ர்ர்... டக். டர்ர்ர்... டக்.”

தாவூது கூரையைப் பார்த்தார்.

“மஹீனு, நான் கப்பல்ல எஞ்சின் சத்தத்த வெச்சே நோவு சொல்றவன். அது என் மோட்டாரு. அந்த ‘டக்’கு நான் போட்ட வாஷரு.” குரல் உடைந்தது. சிக்னல் அருமையாக இருந்தது. “குட்த்துட்டேன்னு சொன்ன?”

“நான் எங்க சொன்னேன்? ‘சரி’ன்னுதான் சொன்னேன்.”

“எல்லாம்... உசுரோட கீதா?”

“தெர்ல. கலங்கிக் கீது. லைட்டு போடக் கூடாது. நீதானே சொல்லிக் குட்த்த?”

“ஒரே ஒரு தபா போடேன்.”

“மாட்டேன்.”

“மஹீனு.”

“மாட்டேன்னா மாட்டேன்.” ஆனால் அவள் போனைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் பிடித்தாள். நடுக்கடலில் ஒருவன், எர்ணாவூரில் மூவர், நால்வரும் மூச்சுப் பிடித்துக்கொண்டு அந்த மங்கலைப் பார்க்கிறார்கள்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். போட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் கை பரபரக்கிறது. ஆனால் பேருந்தை விட்டு இறங்காதவனுக்கு அந்த உரிமை இல்லை. நீங்கள் இத்தனை தூரம் கூடவே வந்தவர். குடத்துக்குக் குடம் விரல் விட்டுப் பார்த்தவர். சுவிட்சு கதவுக்கு இடது பக்கம், உங்கள் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது.

காலைவரை பொறுத்தாலும் சரி. இப்போதே போடுவதானாலும் சரி. சத்தம் வராமல் மெதுவாகப் போடுங்கள். சக்களத்தி இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கும்.